இருட்டும் புகையும் நிறைந்த உள்ளரங்குகளில் கண்காணிப்பு கேமரா: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பேய் வீடு, லேசர் டேக் அரங்கு, இருட்டுக்குள் ஓடும் ரைடு, நடன அரங்கு, எஸ்கேப் ரூம் ஆகியவற்றை நடத்துபவர்களுக்கும், அங்கே கேமரா பொருத்துபவர்களுக்கும் இந்தப் பக்கம். கடை, கிடங்கு, வீட்டு வாசல் ஆகியவற்றுக்குச் சொல்லப்படும் ஆலோசனைகளில் பாதி இங்கே பலிக்காது. சில நேரெதிராகவே போய்விடும்.

நைட் விஷன் நன்றாக இருக்கும் என்று வாங்கிய கேமரா, புகை போட்டதும் வெறும் வெள்ளையாகக் காட்டுகிறது. கேமரா பழுதா?

பழுதில்லை. லென்ஸைச் சுற்றியுள்ள ஐஆர் (அகச்சிவப்பு) எல்இடிகள்தான் காரணம். பனிமூட்டத்தில் காரின் ஹை பீம் விளக்கைப் போட்டால் சாலை தெரியாமல் வெள்ளைத் திரை தெரிவது போலத்தான் இதுவும்.

கணக்காகப் பார்த்தால் இன்னும் தெளிவாகப் புரியும். விளக்கிலிருந்து தூரம் கூடக்கூட வெளிச்சம் தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறையும். லென்ஸிலிருந்து அரை மீட்டரில் மிதக்கும் புகைத்துளியின் மேல் விழும் ஒளி, 5 மீட்டரில் நிற்கும் ஆளின் மேல் விழுவதைப்போல 100 மடங்கு. அந்தத் துளி தன் மேல் பட்டதில் சிறு பங்கைத் திருப்பினாலே போதும், ஆளிடமிருந்து வரும் ஒளி அதில் மூழ்கிவிடும். கேமராவும் அந்த வெள்ளையைப் பார்த்து 'வெளிச்சம் அதிகம்' என்று எக்ஸ்போஷரைக் குறைக்கும். பின்னால் நிற்கும் ஆள் அதோடு காணாமல் போவார்.

எனவே முதல் வேலை, கேமராவின் மெனுவில் உள் ஐஆரை அணைப்பது. அணைக்க வழியே இல்லாத மலிவு மாடல்களைப் புகை உள்ள இடத்துக்கு வாங்கவே வேண்டாம். கறுப்பு டேப் ஒட்டி மறைக்கலாம் என்று சிலர் முயல்வதுண்டு. டேப்பின் ஓரத்தில் ஒளி கசிந்து முன் கண்ணாடிக்குள்ளேயே சிதறும். எல்இடியின் சூடும் உள்ளேயே தங்கும்.

உள் ஐஆரை அணைத்தால் படமே இருட்டாகிவிடுமே?

ஆகும். அதனால் ஐஆர் விளக்கைத் தனியாக வாங்கி, கேமராவிலிருந்து விலக்கி வைக்க வேண்டும். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் எடுத்துக்கொள்வதென்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். கேமராவுக்கு இரண்டு மடங்கு செலவழித்துக் கிடைக்காத தெளிவு, விளக்கை இரண்டு மீட்டர் தள்ளி வைப்பதில் கிடைக்கும்.

விளக்கின் ஒளிக்கற்றையும் கேமராவின் பார்வையும் ஆள் நிற்கும் இடத்தில் மட்டும் சந்திக்க வேண்டும். லென்ஸுக்கு முன்னால் உள்ள முதல் ஒன்றிரண்டு மீட்டர் புகையில் ஐஆர் ஒளி படவே கூடாது. நடைமுறையில் மூன்று இடங்கள் உண்டு.

சிறந்தது, பக்கவாட்டில் வைப்பது. கேமரா பார்க்கும் திசைக்கு ஏறக்குறைய செங்குத்தாக, பக்கச் சுவரிலிருந்து ஒளி வர வேண்டும். மேடைப் புகையின் துளிகள் ஒளியை முன்னோக்கித்தான் அதிகம் சிதறடிக்கும். பக்கவாட்டில் சிதறுவது குறைவு. அடுத்தது, ஆள் கடக்கும் இடத்துக்கு மேலே கூரையில், சற்றே முன்னால் தள்ளி, கீழ்நோக்கி வைப்பது. நேர் உச்சியில் வைத்தால் கண்ணும் வாயும் நிழலாகிவிடும். மூன்றாவது, இடமே இல்லாதபோது, கேமரா இருக்கும் அதே சுவரில் குறைந்தது 1.5 மீட்டர் தள்ளி, கோணமாகத் திருப்பி வைப்பது. வைக்கக் கூடாத இடம், கேமராவுக்கு நேர் எதிரே அதை நோக்கி. முன்னோக்கிச் சிதறும் ஒளி முழுவதும் லென்ஸுக்குள் வந்து சேரும்.

ஒரு பெரிய விளக்கைவிட, குறைந்த வாட்டில் இரண்டு மூன்று சிறிய விளக்குகள் மேல். 60 டிகிரி பரப்பும் விளக்கு குறுகிய நடைபாதைக்குச் சரியாக இருக்கும். 90, 120 டிகிரி அகன்ற அறைகளுக்கு. பிரகாசத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகு உள்ளதாகப் பாருங்கள்.

ஒரு எச்சரிக்கை. கண்ணுக்குத் தெரியாத ஒளிக்கு இமை தானாக மூடாது. அதிக வாட் விளக்கைக் கண் மட்டத்தில், ஆட்கள் ஒட்டி நிற்கும் இடத்தில் வைக்கக் கூடாது. ஐஇசி 62471 தரத்தின்படி ஒளிக்கான அபாயப் பிரிவைத் தயாரிப்பாளர் குறிப்பிட்டிருப்பார். எத்தனை மீட்டருக்கு அப்பால் பாதுகாப்பு என்பதும் இருக்கும். வாங்கும் முன் பாருங்கள்.

ஐஆர் விளக்கின் அலைநீளம் 850 நானோமீட்டரா, 940 நானோமீட்டரா?

850 விளக்கை நேராகப் பார்த்தால் மங்கலான சிவப்புப் புள்ளி தெரியும். 940 கண்ணுக்குத் தெரியவே தெரியாது. ஆனால் சென்சாருக்கு 940-இல் உணர்திறன் வெகுவாகக் குறைவு. அதே வாட்டுக்கு எட்டும் தூரம் ஏறத்தாழ பாதிக்கு வந்துவிடும், சில சென்சாரில் அதற்கும் கீழே.

முழு இருட்டுதான் காட்சியே என்றால், அதாவது பேய் வீட்டின் நடைபாதை போல, அந்தச் சிவப்புப் புள்ளி கேமரா இருக்குமிடத்தைக் காட்டிக்கொடுக்கும். அங்கே 940. நடன அரங்கில் எத்தனையோ விளக்குகளுக்கு நடுவே ஒரு சிவப்புப் புள்ளியை யாரும் கவனிக்கப் போவதில்லை, அங்கே 850. 850 விளக்கையே பார்வையாளரின் கண்ணில் படாதபடி அலங்காரத் தட்டிக்குப் பின்னால், கீழ்நோக்கி மறைத்து வைக்க முடிந்தால் அது இன்னும் நல்ல வழி.

அகச்சிவப்பு ஒளி புகையை ஊடுருவிச் செல்லும் என்கிறார்களே?

கேமராவின் ஐஆர் அப்படிச் செல்லாது. கிளைக்கால், கிளிசரின் கலந்த நீரிலிருந்து வரும் மேடைப் புகையின் துளிகள் பெரும்பாலும் ஒரு மைக்ரான் அளவிலும் அதற்குச் சற்று மேலும் கீழுமாக இருக்கும். 850 நானோமீட்டர் என்பது 0.85 மைக்ரான். துளியின் அளவும் அலைநீளமும் இவ்வளவு பக்கத்தில் இருக்கும்போது, கண்ணுக்குத் தெரியும் ஒளியைப் போலவே இதுவும் சிதறும். 8 முதல் 14 மைக்ரான் வரை பார்க்கும் தெர்மல் கேமராவின் கதை வேறு. அது கீழே வருகிறது.

எத்தனை மெகாபிக்சல் வாங்குவது? 4கே வேண்டுமா?

எண்ணிக்கையைவிட ஒவ்வொரு பிக்சலின் அளவைப் பாருங்கள். 1/2.8 அங்குல சென்சாரில் 2 மெகாபிக்சல் என்றால் ஒரு பிக்சல் ஏறத்தாழ 2.9 மைக்ரான். அதே சென்சாரில் 8 மெகாபிக்சலைத் திணித்தால் 1.45 மைக்ரான், பரப்பில் நாலில் ஒரு பங்கு, சேரும் ஒளியும் நாலில் ஒரு பங்கு. மலிவான 4கே கேமராவின் படம் இருட்டில் புள்ளி புள்ளியாகத் தெரிவது (இதைத்தான் இரைச்சல் என்பார்கள்) இதனால்தான்.

இந்த வேலைக்கு எங்கள் தேர்வு 1/1.8 அங்குல சென்சாரில் 4 மெகாபிக்சல். இதிலும் பிக்சல் 2.9 மைக்ரான்தான், ஆனால் எண்ணிக்கை இரட்டிப்பு. பணம் போதாவிட்டால் 1/2.8 அங்குலத்தில் 2 மெகாபிக்சல். வெட்கப்பட ஒன்றுமில்லை, சோனியின் பழைய 2 மெகாபிக்சல் ஸ்டார்விஸ் சென்சார்கள் இருட்டில் இன்றும் நன்றாக உழைக்கின்றன. 4கே-தான் வேண்டும் என்றால் 1/1.2 அங்குல சென்சார் உள்ளதைப் பாருங்கள்.

லென்ஸின் எஃப் எண்ணை (எண் சிறியதானால் ஒளி புகும் துளை பெரிது) விட்டுவிடாதீர்கள். எஃப் 1.0 லென்ஸ், எஃப் 1.6 லென்ஸைப்போல 2.5 மடங்கு ஒளியை உள்ளே விடும், எஃப் 2.0-ஐப் போல 4 மடங்கு. பெரிய துளை லென்ஸுக்குக் குவியத்தின் ஆழம் குறைவு என்பதால் ஃபோகஸைக் கவனமாக வைக்க வேண்டும்.

வெள்ளை எல்இடியுடன் 'இரவிலும் வண்ணப்படம்' என்று வரும் மாடல்களை அந்த விளக்குக்காக வாங்காதீர்கள். காட்சி நடுவே அது எரிந்தால் இருட்டும் போச்சு, புகையில் பட்டு படமும் போச்சு.

பெட்டியில் 0.001 லக்ஸ் (வெளிச்சத்தின் அலகு) என்று போட்டிருக்கிறது. அதை நம்பலாமா?

ஒப்பிடுவதற்குப் பயன்படாது. எந்த ஷட்டர் வேகத்தில், எவ்வளவு கெயினில் (சிக்னலைப் பெருக்கும் அளவு), எந்த எஃப் எண்ணில் அளந்தார்கள் என்பது சேர்ந்து வந்தால்தான் அந்த எண்ணுக்குப் பொருள் உண்டு. ஷட்டரை மூன்றில் ஒரு வினாடி திறந்து வைத்தால் எந்தக் கேமராவின் படமும் இருட்டில் அழகாகத் தெரியும், அசையாத சுவரைக் காட்டும்வரை. சென்சார் அளவு, எஃப் எண், மெகாபிக்சல் மூன்றையும் வைத்து முடிவெடுங்கள்.

டோம், டரட், புல்லட்: எந்த வடிவம்?

டோமைத் தவிருங்கள். வளைந்த பிளாஸ்டிக் குமிழின் மேல் புகைத் திரவத்தின் எண்ணெய்ப் படலம் சேரும்; எந்தப் பக்கத்திலிருந்து விளக்கு பட்டாலும் அந்தப் படலம் ஒளிரும். தட்டையான கண்ணாடி முகப்புள்ள டரட் இதற்குப் பொருத்தம். கூரையிலும் சுவரிலும் பொருந்தும், திருப்புவதும் எளிது. புல்லட்டும் சரிதான், ஆனால் நீட்டிக்கொண்டிருப்பதால் தாழ்ந்த கூரையில் கை எட்டும்; பயந்து கை வீசும் கூட்டத்தில் அது நாளுக்கு ஒருமுறை திசை மாறும். கை எட்டும் இடமென்றால் ஐகே10 தரம் உள்ள உடலைத் தேடுங்கள். அது 20 ஜூல் அடியைத் தாங்கும் என்று பொருள். ஈரமும் படலமும் உள்ளே போகாமலிருக்க ஐபி66 அல்லது ஐபி67.

சுழலும் பிடிஇசட் கேமரா புகையில் குவியத்தைத் தேடித் தேடி அலையும். வேண்டாம்.

நிறம் மேட் கறுப்பு. வெள்ளை உடல் புற ஊதா விளக்கின் கீழ் பளிச்சென்று தெரியும். தயாரிப்பிலேயே கறுப்பாக வருவதை வாங்குங்கள். மேலே பெயின்ட் அடித்தால் சீல் கெட்டு உத்தரவாதமும் போகலாம். நிலையைக் காட்டும் சிறு எல்இடியை மெனுவில் அணைத்துவிடுங்கள்.

ஒரு கேமராவுக்கு எவ்வளவு தூரம் கொடுக்கலாம்?

புகையில்லாத இடத்தில் பிக்சல் கணக்குப் போட்டால் போதும். ஐஇசி 62676-4 தரத்தின் 2014 பதிப்பில், ஒரு மீட்டர் அகலத்துக்கு 25 பிக்சல் இருந்தால் ஆள் இருப்பது தெரியும், 125 இருந்தால் தெரிந்தவரை அடையாளம் காணலாம், 250 இருந்தால் முன்பின் தெரியாதவரையும் உறுதியாக அடையாளம் சொல்லலாம். 1920 பிக்சல் அகலமுள்ள கேமராவில் 6 மில்லிமீட்டர் லென்ஸ் போட்டால் 4 மீட்டர் தூரத்தில் ஏறக்குறைய 4 மீட்டர் அகலம் தெரியும், அதாவது மீட்டருக்கு 480 பிக்சல். அதே இடத்தில் 2.8 மில்லிமீட்டர் லென்ஸ் 8 முதல் 10 மீட்டர் அகலத்தைக் காட்டும். மீட்டருக்கு 190 முதல் 240 பிக்சல்தான்.

புகையில் பிக்சல் இரண்டாம்பட்சம். முதலில் சாவது கறுப்பு வெள்ளை வேறுபாடு. புகைக்குள் ஒளி தூரத்துக்கு ஏற்பப் பெருக்கல் கணக்கில் குறையும். ஒவ்வொரு 3 மீட்டருக்கும் பாதியாகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 3 மீட்டரில் பாதி, 6 மீட்டரில் கால், 9 மீட்டரில் அரைக்கால். விளக்கு கேமராவிலேயே இருந்தால் ஒளி போகவும் வரவும் வேண்டும். 6 மீட்டர் ஆளுக்கு 12 மீட்டர் பயணம், மிஞ்சுவது 16-இல் ஒரு பங்கு. விளக்கை ஆளின் பக்கத்தில் வைத்தால் திரும்பும் பயணம் மட்டுமே முழுதாக இருக்கும். தனி விளக்கு ஏன் இவ்வளவு வித்தியாசம் காட்டுகிறது என்பதற்கு இது இரண்டாவது காரணம்.

ஆகவே நீண்ட அறைக்கு ஒரு நல்ல கேமரா என்று யோசிக்காமல், 3 முதல் 5 மீட்டருக்குள் ஆள் வரும்படி இரண்டு மூன்று சுமாரான கேமராக்களை வையுங்கள். முகம் பதிய வேண்டிய இடங்களை வாசல், திருப்பம், படிக்கட்டு, ரைடில் ஏறும் இடம் என்று குறுக்கிக்கொள்ளுங்கள். எல்லாரும் கடந்தே ஆக வேண்டிய குறுகலான இடத்தில், புகை எட்டாத ஓர் ஒளிப்பூட்டு அறை (வெளி வெளிச்சம் உள்ளே புகாதபடி நடுவில் விடப்படும் சிறு அறை) இருந்தால் முகம் பதிக்க அதுவே போதும். புகைக்குள் உள்ள கேமராக்களின் வேலை முகம் காட்டுவதல்ல. யாராவது விழுந்தார்களா, கூட்டம் அடைத்துக்கொண்டதா, யாராவது எதிர்த்திசையில் ஓடுகிறார்களா என்று காட்டுவது. இந்த இரண்டு வேலைகளையும் ஒரே கேமராவிடம் எதிர்பார்ப்பதில்தான் பெரும்பாலான திட்டங்கள் தோற்கின்றன.

எந்த உயரத்தில் பொருத்துவது?

புகை எப்படித் தங்குகிறது என்பதைப் பொறுத்தது. சூடாக வெளிவரும் புகை முதலில் மேலே ஏறி, கூரைக்கடியில் படிந்து, ஆறியபின் இறங்கும். கூரையை ஒட்டி 4 மீட்டர் உயரத்தில் வைத்த கேமரா முழு நேரமும் அந்தப் படலத்துக்குள்ளேயே இருக்கும். அங்கே 2.2 முதல் 2.5 மீட்டர் உயரம் சரி, முகமும் கிடைக்கும். உலர் பனியிலிருந்து வரும் தரைப் புகைக்கு இது தலைகீழ். மேலிருந்து கீழே பார்க்கலாம், ஆனால் அந்தப் புகைக்குள் விழுந்தவர் கண்ணுக்கும் கேமராவுக்கும் மறைந்துபோவார். உலர் பனி என்பது உறைந்த கார்பன் டை ஆக்சைடு. அந்த வாயு காற்றைவிடக் கனமானது, பள்ளத்தில் தேங்கும். அப்படிப்பட்ட இடத்தில் கேமராவை நம்பி ஆளைக் குறைக்காதீர்கள்.

ஃபாக் மெஷினின் வாய் கேமராவை நோக்கி இருக்கக் கூடாது. காற்றோட்டத்தின் திசையையும் பாருங்கள். காற்று உள்ளே வரும் பக்கம் கேமராவும், வெளியேறும் பக்கம் மெஷினும் இருந்தால் லென்ஸுக்கு முன்னால் எப்போதும் ஓரளவு தெளிந்த காற்று கிடைக்கும். பக்கத்துச் சுவர், தொங்கும் துணி, சிலந்தி வலை அலங்காரம் எதுவும் ஐஆர் விளக்குக்கு ஒரு மீட்டருக்குள் வர வேண்டாம். அது வெளுத்து, மற்றதெல்லாம் இருண்டுவிடும்.

மெனுவில் எதையெல்லாம் மாற்ற வேண்டும்?

பகல்/இரவு மாற்றத்தை 'ஆட்டோ'வில் விடாமல் 'இரவு' என்று நிலையாக வையுங்கள். ஸ்ட்ரோப் விளக்கு மின்னும்போதெல்லாம் கேமரா பகல் வந்துவிட்டதென்று நினைத்து உள்ளே உள்ள, ஐஆரைத் தடுக்கும் ஃபில்டரை இழுக்கும். அமைதியான காட்சியில் அந்த 'டிக்' சத்தம் கேட்கும், மாறும் வினாடியில் படமும் போகும், ஃபில்டரின் சிறு மோட்டாரும் சீக்கிரம் தேயும். வேலைநேரம் முடிந்து குழல்விளக்கு போடும்போது படம் கறுப்பு வெள்ளையாகவே இருக்கும், பரவாயில்லை.

ஷட்டரைக் கையால் வையுங்கள். மெதுவான ஷட்டர் வசதி இருந்தால் அணையுங்கள். சாதாரணமாக நடக்கும் ஆள் வினாடிக்கு 1.4 மீட்டர் போவார். 6-இல் ஒரு வினாடி ஷட்டரில் அவர் 23 சென்டிமீட்டர் நகர்ந்திருப்பார், முகம் வெறும் கோடு. 25-இல் ஒரு வினாடியில் கிட்டத்தட்ட 6 சென்டிமீட்டர், 50-இல் ஒரு வினாடியில் 3. கண்காணிப்புக்கு 1/25, முகம் வேண்டிய வாசலுக்கு 1/50 அல்லது அதற்கும் வேகமாக. மின்சாரம் 60 ஹெர்ட்ஸ் உள்ள இடத்தில் 1/30, 1/60 என்று வைத்தால் விளக்குகளின் துடிப்பு படத்தில் ஓடாது.

டபிள்யூடிஆரை அணையுங்கள். அது வேறுவேறு எக்ஸ்போஷர்களை ஒட்டும் வேலை. இருட்டில் இரைச்சலைக் கூட்டி, அசையும் ஆளுக்கு நிழலுருவம் போடும். இரைச்சல் குறைப்பை 100-க்கு 30 முதல் 50 வரை வையுங்கள். அதற்கு மேலே போனால் நடப்பவருக்குப் பின்னால் வால் நீளும், முகம் மெழுகுபோல் வழுவழுக்கும். கெயினுக்கு மேல்வரம்பு போடுங்கள். எங்கே நிறுத்துவது என்பதைப் புகை ஓடும்போது பதிவைப் பார்த்துத்தான் முடிவு செய்ய முடியும்.

ஃபோகஸ்: அறை இருட்டாக, ஐஆர் எரிந்துகொண்டு, புகை இல்லாமல் இருக்கும்போது, ஆள் நிற்கும் தூரத்தில் ஒரு அச்சிட்ட தாளை வைத்துக் கையால் சரிசெய்து பூட்டிவிடுங்கள். வெள்ளை விளக்கில் சரிசெய்த ஃபோகஸ் ஐஆரில் தள்ளிப்போகும். ஆட்டோ ஃபோகஸைத் திறந்து வைத்தால் அது புகையையே குவித்துக் காட்டும்.

'டிஃபாக்' என்ற வசதி இருக்கிறதே, அதைப் போட்டால்?

அது மென்பொருளால் வேறுபாட்டைக் கூட்டும் வேலை. மெல்லிய ஹேஸில் (அறை முழுதும் சீராகப் பரவிய புகைமூட்டம்) படத்தைக் கொஞ்சம் நிமிர்த்தும், கூடவே இரைச்சலையும் நிமிர்த்தும். வெளுத்துப்போன படத்தில் மீட்க எதுவும் இல்லை. விளக்கைச் சரியாக வைத்தபின் கடைசியில் குறைந்த அளவில் முயன்று பாருங்கள்.

ஸ்ட்ரோப், லேசர் விளக்குகள் உள்ள அரங்கில் என்ன ஆகும்?

பெரும்பாலான கேமராக்கள் படத்தை மேலிருந்து கீழாக வரிவரியாகப் படிப்பவை. ஸ்ட்ரோப் சில மில்லிவினாடிகளே மின்னுவதால் ஃபிரேமின் ஒரு பகுதி வெளுத்தும் மறுபகுதி இருண்டும் பட்டை விழும். 1/25 ஷட்டரில் இந்தப் பட்டைகள் குறையும். முழு ஃபிரேமையும் ஒரே நேரத்தில் பிடிக்கும் குளோபல் ஷட்டர் இதை நீக்கும், ஆனால் அவை விலை கூடியவை. எக்ஸ்போஷரைக் கையால் பூட்டுவது மலிவான மருந்து. ஒவ்வொரு மின்னலுக்கும் கேமரா கண்ணை இறுக்கிப் பிறகு சில வினாடி இருட்டில் தடுமாறுவது அதோடு நிற்கும்.

லேசர் வேறு விஷயம். நிகழ்ச்சி லேசரின் கற்றை நேராக லென்ஸுக்குள் விழுந்தால் சென்சாரில் புள்ளியோ கோடோ நிரந்தரமாக எரிந்துவிடும். உத்தரவாதத்தில் மாற்றித் தருவார்கள் என்று எதிர்பார்க்க வேண்டாம். லேசர் இயக்குபவரிடம் கற்றை போகும் பரப்பைக் கேட்டு, கேமராவை அதற்கு வெளியே வையுங்கள். கண்ணாடி, பளபளக்கும் உலோகத்தில் பட்டுத் தெறிப்பதையும் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

லேசர் டேக் துப்பாக்கிகளை ஐஆர் விளக்கு குழப்புமா?

குழப்பலாம். அந்தத் துப்பாக்கிகளும் அகச்சிவப்பில்தான் சுடுகின்றன, பெரும்பாலும் 940 நானோமீட்டருக்கு அருகில். துடிப்பாக வரும் சிக்னலை மட்டும் எடுத்துக்கொள்ளும்படி உடுப்பில் உள்ள ரிசீவர்கள் அமைந்திருந்தாலும், பக்கத்தில் பலமான 940 விளக்கு எரிந்தால் அவை மழுங்கி, சுடும் தூரம் குறையும். இங்கே 850 விளக்கைக் குறைந்த பிரகாசத்தில் வையுங்கள். விளக்கு எரியும்போதும் அணைந்தபோதும் ஒரே இடத்திலிருந்து சுட்டுப் பார்த்து எத்தனை மீட்டர் எட்டுகிறது என்று ஒப்பிடுங்கள்.

தெர்மல் கேமரா வாங்கினால் எல்லாம் தீருமா?

ஒரு பாதி தீரும். உடலின் வெப்பத்தைப் பார்ப்பதால் அதற்கு விளக்கே வேண்டாம். ஹேஸிலும் நடுத்தரப் புகையிலும் சாதாரணக் கேமரா வெள்ளைத் திரையைக் காட்டும்போது தெர்மலில் ஆள் தெளிவாக நிற்பார். விழுந்து கிடப்பவர், ரைடின் தடத்தில் இறங்கியவர், ஓரத்தில் உட்கார்ந்துவிட்டவர் ஆகியோரைக் காண இதற்கு இணையில்லை. 256×192 பிக்சல் ஒரு அறைக்குப் போதும்.

ஆனால் முகம் தெரியாது, உடையின் நிறம் தெரியாது; யார் என்று கேட்டால் அதனிடம் பதில் இல்லை. சாதாரணக் கண்ணாடி அதற்குச் சுவர் மாதிரி, ஆகவே கண்ணாடிக்குப் பின்னால் வைக்க முடியாது. மிக அடர்ந்த புகையில் அதன் தூரமும் சுருங்கும். மெஷினிலிருந்து அப்போதுதான் பீய்ச்சிய சூடான புகை வெள்ளைக் குமிழாகத் தெரியும். சில மாடல்கள் வினாடிக்கு 9 ஃபிரேமுக்குள்தான் தரும். கண்காணிக்க அது போதும். ஆபத்தான ஒன்றிரண்டு இடங்களுக்குத் தெர்மல், வாசலுக்கு நல்ல சாதாரணக் கேமரா என்று பிரித்துக்கொள்வது செலவுக்குத் தகுந்த ஏற்பாடு.

பதிவில் கறுப்புச் சட்டை வெள்ளையாகத் தெரிகிறது. ஏன்?

பல செயற்கைத் துணிகளின் சாயம் ஐஆர் ஒளியை விழுங்குவதில்லை, திருப்பி அனுப்பிவிடும். கண்ணுக்குக் கறுப்பாக உள்ள பாலியஸ்டர் சட்டை கேமராவில் வெளிர்சாம்பலாகவோ வெள்ளையாகவோ வரும். பக்கத்தில் நிற்பவரின் கறுப்புப் பருத்திச் சட்டை கறுப்பாகவே தெரியலாம். எனவே ஐஆர் பதிவை வைத்து உடையின் நிறத்தை யாரிடமும் சொல்லக் கூடாது. பணியாளரைப் பதிவில் பிரித்தறிய வேண்டுமென்றால் உடையில் ஒளி திருப்பும் பட்டை தைத்துவிடுங்கள். கேமராவுக்கு அருகில் உள்ள ஐஆர் விளக்கில் அது பளிச்சென்று தெரியும்; ஒளியை வந்த திசைக்கே திருப்புவதால், தள்ளி வைத்த விளக்கில் தெரிவது குறையும்.

பதிவுக்கு எவ்வளவு இடம் வேண்டும்? அசைவு இருந்தால் மட்டும் பதியும்படி வைக்கலாமா?

வைக்கக் கூடாது. அலையும் புகை கேமராவுக்கு ஓயாத அசைவு, அலாரம் நிற்காது. உணர்திறனைக் குறைத்தாலோ ஆள் வரும்போது பதியாமல் போகும். ஆளை அடையாளம் காணும் மென்பொருளும் புகையில் தடுமாறும். வேலைநேரம் முழுக்கத் தொடர்பதிவு, மற்ற நேரத்தில் அசைவுப் பதிவு என்று அட்டவணை போடுங்கள்.

புகையும் இரைச்சலும் ஒவ்வொரு ஃபிரேமிலும் மாறுவதால் எச்.265 சுருக்கம் பெட்டியில் சொன்ன அளவுக்குச் சுருங்காது. 'ஸ்மார்ட்' அல்லது 'பிளஸ்' என்று வரும் கூடுதல் சுருக்கத்தை அணையுங்கள். அது புகையையும் ஆளையும் சேர்த்து இழைத்துவிடும். 4 மெகாபிக்சலுக்கு வினாடிக்கு 6 மெகாபிட் என்று நிலையாக வையுங்கள். அப்போது ஒரு கேமரா 10 மணி நேரத்துக்கு 27 ஜிகாபைட். 12 கேமராவுக்கு ஒரு நாளைக்கு 324 ஜிகாபைட், 30 நாளுக்கு ஏறக்குறைய 9.7 டெராபைட். 10 டெராபைட் டிஸ்க் இதற்கு விளிம்பில் நிற்கும். 12 வாங்குங்கள், கண்காணிப்புக்கென்று வரும் வகையில்.

நேரடித் திரையில் படம் தாமதமாக வருகிறது. ரைடை நிறுத்தும் பொத்தானுக்கு அது ஆபத்தில்லையா?

ஆபத்துதான். நெட்வொர்க் வழியாகப் படம் அனுப்பும் ஐபி கேமராவில் ஒரு வினாடியின் சில பத்தில் பங்கு தாமதம் இயல்பு. பதிவுப் பெட்டியான என்விஆரும் வைஃபையும் சேர்ந்தால் ஒரு வினாடியைத் தாண்டும். கம்பியிலேயே இணையுங்கள். இயக்குபவர் பார்த்து முடிவெடுக்கும் அந்த ஒரு கேமராவுக்கு மட்டும் கோஆக்சியல் கம்பியில் வரும் அனலாக் எச்டி வகையைப் போட்டுத் திரையில் நேராக இணைத்தால் தாமதம் கண்ணுக்குத் தெரியாது. எப்படியிருந்தாலும் கேமரா கூடுதல் கண் மட்டுமே. தடத்தில் ஆள் நுழைந்தால் நிறுத்துவதற்கு மிதி விரிப்பு, கதவு ஸ்விட்ச் போன்ற தனி ஏற்பாடு வேண்டும்; புகை அவற்றைக் குருடாக்காது.

கம்பி, மின்சாரத்தில் கவனிக்க வேண்டியவை?

நெட்வொர்க் கம்பியிலேயே மின்சாரமும் தரும் 8 போர்ட் பிஓஇ ஸ்விட்சில் ஒவ்வொரு போர்ட்டும் 15.4 வாட் தரும் என்றிருக்கும், ஆனால் மொத்தம் 60 வாட்தான் என்று சிறிய எழுத்தில் இருக்கும். கேமராவுக்கு 8 வாட் என்றாலே 64. இருட்டியதும் ஒரு கேமரா அணைந்து அணைந்து எரிந்தால் முதலில் இதைப் பாருங்கள்.

ஐஆர் விளக்குக்கு 12 வோல்ட்டை நீளமாக இழுப்பது இன்னொரு பொறி. அரை சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி 30 மீட்டர் போனால், போகவரச் சேர்த்து 2 ஓமுக்குச் சற்று மேல் தடை. 2 ஆம்பியர் விளக்கு அதில் 4 வோல்ட் இழக்கும். விளக்கை எட்டுவது 8 வோல்ட். அடாப்டரை விளக்குக்குப் பக்கத்தில் வையுங்கள், அல்லது தடித்த கம்பி போடுங்கள்.

வாங்கும் முன் எப்படிச் சோதிப்பது?

ஒரே ஒரு கேமராவும் ஒரு விளக்கும் வாங்கி, உண்மையான அறையில், உண்மையான புகையில் சோதியுங்கள். மெஷினைப் போட்டதும் அல்ல, ஒரு மணி நேரம் ஓடியபின். ஹேஸ் சேரச் சேரத்தான் உண்மை தெரியும். ஒருவரை 2, 4, 6, 8 மீட்டரில் நிற்கவைத்து, பிறகு நடக்கவைத்து, பிறகு ஓடவைத்துப் பதியுங்கள். நேரடித் திரையில் பார்த்துத் திருப்தியடையாதீர்கள். பதிவை எடுத்து, ஒரு ஃபிரேமை நிறுத்தி, முகம் தெரிகிறதா என்று பாருங்கள். விளக்கை இடம் மாற்றி மீண்டும் செய்யுங்கள். அவசரகால விளக்குகள் மட்டும் எரியும் நிலையிலும் ஒருமுறை பதிந்து பாருங்கள்; விபத்து நடந்தபின் தேடப்படுவது பெரும்பாலும் அந்த நேரத்துப் பதிவுதான்.

எங்கே கேமரா வைக்கக் கூடாது?

கழிப்பறையிலும் உடைமாற்றும் அறையிலும் எந்தக் காரணத்துக்காகவும் வைக்கக் கூடாது. மற்ற இடங்களில் பதிவு நடக்கிறது என்ற அறிவிப்பை, இருட்டுக்குள் நுழையும் முன் படிக்கக்கூடிய வெளிச்சத்தில் வையுங்கள். ஒலிப்பதிவுக்குச் சட்டம் ஊருக்கு ஊர் மாறும். அவசியமில்லையென்றால் மைக்கை அணைத்துவிடுங்கள்.

பராமரிப்பு எப்படி?

புகைத் திரவம் ஆவியாகிப் போய்விடுவதில்லை. கிளைக்காலும் கிளிசரினும் மெல்லிய பிசுபிசுப்பாகக் கண்ணாடியில் படியும், அதன்மேல் தூசி ஒட்டும். படம் ஒரே நாளில் கெடாது என்பதால் யாரும் கவனிப்பதில்லை. மாதம் முடிவில் 'கேமரா மங்கிவிட்டது' என்பார்கள். தினமும் புகை ஓடும் அறையில் வாரம் ஒருமுறை, மெஷினுக்கு அருகில் உள்ளதை இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை துடையுங்கள். முதலில் தூசியை ஊதித் தள்ளுங்கள், பிறகு காய்ச்சிவடித்த நீரில் நனைத்த மைக்ரோஃபைபர் துணி, பிசுக்கு போகாவிட்டால் கண்ணாடி முகப்புக்குச் சிறிது ஐசோபுரோபைல் ஆல்கஹால். பிளாஸ்டிக் முகப்பில் அசிட்டோனோ அமோனியா கலந்த கண்ணாடி திரவமோ பட்டால் நுண்ணிய வெடிப்பு விழுந்து நிரந்தரமாக மங்கும். ஐஆர் விளக்கின் முகப்பையும் துடைக்க வேண்டும். பலர் மறப்பது அதைத்தான்.

பொருத்திய நாளன்று, புகையில்லாமல், ஒவ்வொரு கேமராவிலிருந்தும் ஒரு படத்தை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மாதம் ஒருமுறை அதே நிலையில் எடுத்த படத்தோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஓரம் மட்டும் இருண்டிருந்தால் விளக்கு திரும்பியிருக்கிறது. முழுதும் ஒரே சீராக வெளிறியிருந்தால் கண்ணாடியில் படலம். கூர்மை மட்டும் போயிருந்தால் யாரோ கேமராவைத் தட்டியதில் ஃபோகஸோ கோணமோ நகர்ந்திருக்கிறது.